வியாழக்கிழமை என்று எழுதியிருந்த படிவம்

அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று காவடித் திருவிழா மலர்க் குழுவினர் மூன்று மாதமாக என்னைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதராஸில் படித்தவள், தமிழ் எழுதத் தெரிந்தவள் என்ற பெயர் எனக்கு இருப்பதால் தப்பிக்க முடியவில்லை. பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்தில் முழு உத்தியோக காலத்தையும் கழித்தேன். விளம்பரம் எழுதுவது, மதிப்பெண் போடுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தவறையும், அதைச் சரிக்கட்டப் போய்ச் செய்த இன்னொன்றையும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் குறைவாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் வருத்தப்பட எனக்கு இப்போது தெம்பில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. தீவு முழுக்கத் தையல் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. போ பசானில் நான் காலைப் பேருந்துக்கு நிற்கும்போது, ஆலை வேன்கள் பெண்களை அடைத்துக்கொண்டு வரிசையாக ஓடும். கடற்கரையில் ஓட்டலுக்கு மேல் ஓட்டல். கையில் நாலு காசு வந்ததும் எல்லோருக்கும் தொலைபேசி வேண்டியிருந்தது. தொலைபேசி வந்ததும் கூடவே சந்தேகமும் வந்தது. பேசும்போது நடுவில் ஏதோ சத்தம் வருகிறது, கடிதம் பிரித்து ஒட்டினது மாதிரி இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் உரக்கவே சொன்னார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. அமைச்சர் கையெழுத்திட்ட உத்தரவு இல்லாமல் யாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்கக் கூடாது; அப்படி நடந்ததாகப் புகார் வந்தால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு வழக்கறிஞர், நடுவர் என்ற முழுநேரப் பதவியில். அந்த வழக்கறிஞரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் மேசைக்கு வந்தது.

ஆள் கிடைக்கவில்லை. நல்ல வழக்கறிஞர்கள் எல்லோரும் ஓட்டல்களுக்கும் ஆலைகளுக்கும் குத்தகைப் பத்திரம் எழுதுவதில் மூழ்கியிருந்தார்கள். ஒட்டுக்கேட்பவர்களோடு மல்லுக்கட்டி யாருக்கு என்ன லாபம்? வந்த சில விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு, எங்கள் அலுவலகத்தில் எப்போதும் செய்வதை நான் செய்தேன். உறவுப் படம் போட்டேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நம் ஊரில் ஒருவர் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வியே "லி கி ஃபாமி?" தானே, யார் வீட்டு ஆள் என்று. இத்தனை சிறிய தீவில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் மாமனோ மச்சானோ ஆகிவிடுகிறார்கள். அதனால் பெரிய பதவி என்றால் விண்ணப்பதாரரின் சொந்தபந்தங்களைத் தாளில் கோடு போட்டு வரைந்து, அமைச்சர் வீட்டிலோ போலீஸ் அதிகாரி வீட்டிலோ போய் முட்டுகிறதா என்று பார்ப்போம். ஒருவருடைய கோடு சுற்றிச் சுற்றி வந்து என் கணவரின் பெரியம்மா மகனிடமே முடிந்தது. பத்து நாள் இந்தக் கோடுகளோடு போராடினேன். ஆபத்து இரத்த உறவு வழியாகத்தான் வரும் என்று அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

முட்டாத கோடு ஒருவருக்குத்தான் இருந்தது. மலைமேட்டு ஊரான கியூர்பிப்பில் அலுவலகம் வைத்திருந்தவர். நிலத்தகராறு, வாடகைத்தகராறு, வேலை போனவர்கள் வழக்கு என்று சின்ன மனிதர்களுக்கு வாதாடுபவர். வழக்கறிஞர்களை மேத் என்று கூப்பிடும் வழக்கப்படி அவரை இங்கேயும் மேத் என்றே சொல்கிறேன். அவர் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை.

உறவுப் படத்தை முடித்த திருப்தியில், மேத்தின் பெயரைப் பின்னணி விசாரணைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உயர்பதவி எதுவானாலும் அந்தப் படிவம் ஒரு குறிப்பிட்ட இலாகாவுக்குப் போகும். ஆள் எப்படி என்று அவர்கள் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. ஒரு கையில் வனிலா தேநீர், மறு கையில் பேனா. அந்த இலாகாதான் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் இலாகா என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை. யாரை விசாரிக்கப் போகிறாரோ அவர்களிடமே, இவர் உங்களுக்குச் சரிப்படுவாரா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இதுதான் முதல் தவறு.

அதே வாரம் மேத்தின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். நேர்காணலை அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை வைத்திருக்கிறோம், வர முடியுமா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த வியாழக்கிழமைதான் தன் மனைவி பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கு விமானம் ஏறுகிறாள், அங்கே அவளுக்கு அறுவை சிகிச்சை என்றார். பிள்ளைகளுக்குத் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது, மனைவி யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "இது உங்களோட இருக்கட்டும், மதாம்," என்றார். இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் அலுவலகம் இருந்த போர்ட் லூயியில் வெயில் கொளுத்தியது. அவர் கையில் கியூர்பிப் மழையில் நனைந்த குடை சொட்டிக்கொண்டிருந்தது. சங்கடமாகச் சிரித்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நேற்று குழப்பத்தில் வியாழன் என்று சொல்லிவிட்டேன், மனைவியின் பயணம் செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை நேர்காணலுக்குத் தவறாமல் வருகிறேன் என்று எழுதியிருந்தார். தேதியைக் கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத வழக்கறிஞர் என்று மனைவி திட்டி அனுப்பினாளாம். அவருடைய காகிதத்தை, நான் தொலைபேசியில் பேசியபோது எடுத்த குறிப்போடு சேர்த்து என் மேசை இழுப்பறையில் பூட்டினேன். என் கணவரிடம் கூடச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. பொருத்தமற்றவர் என்று போட்டுக் கீழே காரணம் எழுதியிருந்தார்கள். இவருடைய மனைவி வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்காக ரெயூனியன் புறப்படுகிறார். குடும்பச் சூழ்நிலை காரணமாக இவரால் பணியில் கவனம் செலுத்த இயலாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மனைவி நோயாளி என்பது ஒரு குற்றமா? பிறகு மறுபடி படித்தேன். வியாழக்கிழமை. பயணச்சீட்டில் செவ்வாய்தான் இருந்திருக்கும். மருத்துவமனைக் கடிதத்திலும் செவ்வாய்தான் இருந்திருக்கும். அவருடைய மனைவிக்குச் செவ்வாய் என்று தெரியும். வியாழன் என்ற அந்தத் தவறு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, எங்கள் இருவருடைய தொலைபேசிப் பேச்சில். அதை எழுதிய தாள்கள் இரண்டும் என் இழுப்பறையில் பூட்டியபடியே இருந்தன. கேட்டது அவருடைய தொலைபேசியையா என்னுடையதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தொலைபேசியில் நான் என் அம்மாவோடு பேசுவேன், பள்ளிக்கூடத்தோடு பேசுவேன், மருத்துவரோடு பேசுவேன்.

எங்கள் செயலாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் பார்த்து அலுத்துப்போன மனிதர். என் குறிப்பு, மேத்தின் காகிதம், படிவம் மூன்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒட்டுக்கேட்டிருக்காங்க. சந்தேகமே இல்ல. புகார் எழுதணும்னா எழுதுங்க, மதாம். யாருக்கு எழுதுவீங்க?"

அந்தப் புகாரை வாங்க வேண்டியவரைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். கி பு ஃபேர், என்ன செய்வது, என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

படிவத்தை ஒளித்துவைக்க விதி இடம் தராது. தேர்வுக் குழுவின் முன்னால் அதை வைத்தே ஆகவேண்டும். தனியாக வைத்தால் மேத்தின் கதை முடிந்தது. ஆகவே என் தொலைபேசிக் குறிப்பு, மறுநாள் அவர் கொடுத்த காகிதம், பிறகு படிவம் என்று தேதி வரிசையில் மூன்றையும் ஒரே ஊசியில் குத்தி வைத்தேன். குற்றம்சாட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் சண்டைக்காரி ஆகியிருப்பேன், பேச்சு என்னைப் பற்றியதாகத் திரும்பியிருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்குக் கருத்தை எழுதாதீர்கள், தாள்களை வரிசைப்படுத்துங்கள். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நேர்காணல் தொடங்கும் முன் மூன்று தாள்களையும் இரண்டு முறை படித்தார். ஒரு சிறிய தாளில் மேத்தின் தொலைபேசி எண்ணையும் என் எண்ணையும் எழுதி, இவற்றுக்கு அமைச்சரின் உத்தரவு ஏதாவது உண்டா என்று அந்த இலாகாவுக்கே ஆள் அனுப்பிக் கேட்டார். எந்த உத்தரவும் இல்லை என்று ஒரு மணி நேரத்தில் எழுத்தில் பதில் வந்தது. அவர்களுக்கு எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை போலும். பிறகு மேத்தை உள்ளே கூப்பிட்டார்கள். சட்டம், அனுபவம் எல்லாம் கேட்ட பின் தலைவர் சாதாரணமாக, உங்கள் மனைவி என்றைக்கு ரெயூனியன் புறப்பட்டார் என்று கேட்டார்.

மேத் நாற்காலியில் நிமிர்ந்தார். செவ்வாய்க்கிழமை என்றார். சொல்லிவிட்டு, மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நான்தான் வெளியே சொல்லிவிட்டேன் என்று நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்?

அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் வேலை, புகாரை விசாரிப்பது இனி அவருடைய வேலை என்று சொல்லி, இலாகாவின் பதிலோடு சேர்த்து நான்கு தாள்களையும் உறையில் போட்டு அரக்கு வைக்கச் சொன்னார் தலைவர். குழுவின் காகிதங்கள் இரகசியம். அதற்கு நான் சத்தியம் செய்து கொடுத்தவள். ஆனால் சத்தியத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. நான் வாயை மூடிக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்தது. தன் பேச்சே ஒட்டுக்கேட்கப்பட்டது என்று தெரிந்தால் மேத் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். பாதிக்கப்பட்டவர் நடுவராக உட்கார முடியாது. அவர் நேர்மையான மனிதர், அன்றைக்கே விலகிவிடுவார். அடுத்து வரப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். உறவுப் படத்தில் நாலு கோடு அமைச்சர் வீட்டில் முட்டியவர்.

நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட மேத் வந்தார். மனைவி பிழைத்துவிட்டாள் என்றார். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன், மதாம்."

நான் சொல்லவில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பிறகு யார் சொன்னார்கள் என்று கேட்பார். வழக்கறிஞர் அல்லவா, விடமாட்டார்.

"மன்னிச்சுக்குங்க, மேத்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அலுவலகப் படிக்கட்டில் எதிரே வந்தால் மரியாதையாக போன்ழூர் என்று வணக்கம் சொல்வார், நிற்கமாட்டார். பழியை நான் வாங்கிக்கொண்டு ஒரு நல்ல நடுவரை நாட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்ல முடியாத பெருமை என்பதால் அது இன்னும் இனிப்பாக இருந்தது.

அந்தப் பெருமை தேவி வரும்வரை நீடித்தது.

தேவி ஒரு தையல் ஆலையில் பெண்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டிருந்தவள். தன் வீட்டுத் தொலைபேசியில் கூட்டத்துக்கு நேரம் குறித்தால், அந்த நேரத்துக்கு ஆலை வாசலில் போலீஸ் ஜீப் நிற்கிறது என்று புகார் கொடுத்திருந்தாள். அவளை நான் நடுவர் அலுவலக வராந்தாவில் இரண்டு முறை பார்த்தேன். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இலாகாவின் அதிகாரி வந்து, உத்தரவு இல்லாமல் நாங்கள் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை, இதுவரை கேட்டதே இல்லை என்று சத்தியப்பிரமாணத்தில் சொன்னார். தேவியின் எண்ணுக்கு உத்தரவு கிடையாது. அந்த வார்த்தையைப் பொய்யாக்க மேத்திடம் ஒரு தாள் கூட இல்லை. அவர் தேடினார், பல நாள் தேடினார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் தீர்ப்பு எழுதினார். நியமனம் எங்கள் அலுவலகம் வழியாக நடந்ததால் அதன் பிரதி எனக்கும் வந்தது. உத்தரவின்றி ஒட்டுக்கேட்பு நடந்ததற்கு இந்த நாட்டில் ஒரு சான்றும் என் முன் வைக்கப்படவில்லை, புகார் தள்ளுபடி.

அந்தச் சான்று என் அறையிலிருந்து பதினைந்து அடி தூரத்தில், இரும்பு அலமாரியில், அரக்கு உடையாமல் இருந்தது.

எழுந்து போய் அலமாரி முன்னால் நின்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். செயலாளரிடம் போயிருக்கலாம், தலைவரிடம் போயிருக்கலாம், மேத்திடமே போய் உடைத்துச் சொல்லியிருக்கலாம். அவர் விலகியிருப்பார், ஆனால் தேவி ஜெயித்திருப்பாள். ஒரு நல்ல நடுவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நான் பேசாமல் இருந்தேன். நடுவர் எதற்கு இருக்கிறார் என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனேன். அன்றைக்கும் பேசவில்லை. இருக்கைக்குத் திரும்பி வந்து வேறு கோப்பை எடுத்தேன். இதுதான் இரண்டாவது தவறு. முதலாவது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

மேத்தின் பதவிக்காலம் முடிந்த அன்று அறைச் சாவியை ஒப்படைக்க வந்தார். இனி அவர் நடுவர் இல்லை, சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது என்ற கோழைத்தனமான தைரியம் எனக்கு வந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வியாழக்கிழமையிலிருந்து அரக்கு வரை. நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்து அவர் முகம் கனியும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அந்தத் தையல் ஆலைப் பொண்ணு வந்தப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும், மேத்."

அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் தோத்திருந்தா பரவால்ல. பொய் எழுதியிருக்கேன், மதாம். என் கையெழுத்துப் போட்டு."

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. படிக்கட்டில் போன்ழூர் சொல்லிக்கொண்டிருந்த காலமே தேவலை என்று இருந்தது.

தேவியைத் தேடிப் போக எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. தீர்ப்பைக் காட்டி, அரசாங்கத்தின் மேல் பொய்ப்புகார் கொடுத்தவள் என்று அவளை ஆலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். அவள் தெற்குக் கடற்கரையில், சுயாக்கில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டுப் பேருந்து மாறி மாறிப் போனேன். கடல் காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்த ஓர் அறையில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். என்னை வராந்தாவில் பார்த்த ஞாபகம் அவளுக்கு இருந்தது. அந்த இலாகா அதிகாரி சொன்ன சத்தியம் பொய், அது எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன். தையல் இயந்திரம் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஜெயிப்பேன்னு நான் வரல, அக்கா," என்றாள். "என் புருஷன், அண்ணன், ஆலைல என்கூட இருந்தவங்க, எல்லாரும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னாங்க. கொஞ்ச நாள்ல எனக்கே அப்பிடித்தான் தோணிச்சு. தொலைபேசியக் கழட்டிக் குடுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னு படிச்சவங்க யாராவது ஒருத்தர் சொல்லணும், அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு, "இத ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

நான் சத்தியம் செய்தவள் என்றேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் வாதாடவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தாள். பேருந்து நிறுத்தம் வரை கூட வந்து, நான் ஏறும்வரை நின்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் ஆயிற்று, ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், ஒரு கறையும் இல்லாத சேவை என்று பேசினார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் எழுதவில்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். சோம்பல், களைப்பு, இனிமேல் எழுதி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். இந்த மலருக்காக உட்கார்ந்தபோதுதான், முன்பின் தெரியாத உங்களுக்கு ஆறு பக்கம் எழுத முடிகிறது, கேட்டவளுக்கு ஒரு தாள் எழுத முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஆகவே அதை முதலில் எழுதினேன். தேவிக்குக் கோயிலில் பாடும் அளவுக்குத்தான் தமிழ் தெரியும், பிரெஞ்சில் எழுதினேன். உங்கள் புத்தி சரியாகத்தான் இருந்தது, உத்தரவு இல்லாமல் ஒட்டுக்கேட்டார்கள் என்பதற்கான அத்தாட்சி உங்கள் புகாருக்கு முன்பே எங்கள் அலமாரியில் இருந்தது, அதை வெளியே எடுக்காதவள் நான். கீழே முழுப் பெயர், வகித்த பதவி, கையெழுத்து. நேற்று சுயாக் முகவரிக்குத் தபாலில் சேர்த்தேன். உறையை ஒட்டவில்லை. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும்.